இர்மா அக்கா இடம் பார்க்கப் போனது

1

ஜேர்மனிக்கு வந்து இறங்கிய நாளை நாங்கள் கொண்டாடுவதில்லை. வசந்தா மட்டும் அதை மறக்கமாட்டாள். அன்றைக்குப் பாயசம் வைப்பாள், எதற்கென்று வாய் திறக்கமாட்டாள். இந்த வருடமும் வைத்தாள். வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது மகள் தொலைபேசி எடுத்தாள்.

மகள் அபிராமி லைப்சிக்கில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய தமிழ் நல்ல தமிழ்தான், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். வசனம் தமிழில் தொடங்கும், பாதியில் மூச்சு வாங்கும், முடியும்போது ஜேர்மனாகியிருக்கும். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பாள். அன்றைக்கு ஞாயிறு இல்லையென்றதும் எனக்குக் கொஞ்சம் பதறியது.

"அப்பா, அந்த ஃபோசோர்கப் பேப்பர் எல்லாம் எழுதிட்டீங்களோ?"

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஃபோசோர்க என்றால் முன்னேற்பாடு. நாளைக்கு நினைவு தப்பிக் கிடந்தால் மெஷினைப் பூட்டுவதா கழற்றுவதா, செத்தால் எரிப்பதா தாழ்ப்பதா, எல்லாவற்றையும் தெம்பாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வைத்துவிட வேண்டும். சாவுக்கும் டெர்மின் என்று நாள்நேரம் கொடுப்பார்களென்றால் இந்த நாட்டுச் சனம் வரிசையில் நின்று நாள் குறித்துக்கொண்டு வரும்.

"எழுதுறன் பிள்ளை. எரிச்சுப்போட்டு சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைச்சு விடுங்கோ. வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

"ஓகே அப்பா. ஆனா, ஆர் கொண்டு போறது?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு வேலையை யாருக்குப் பகிர்ந்து கொடுப்பது என்று அலுவலகத்தில் கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டாள். அதுதான் எனக்கு நொந்தது. பார்ப்போம் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். பாயசம் ஆறி ஆடை பிடித்திருந்தது. வசந்தா என்னவென்று கேட்டாள். காப்புறுதி விஷயம் என்றேன்.

யோசித்துப் பார்த்தால் பிள்ளையில் பிழையில்லை. அவள் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே இரண்டு தரம்தான், அதில் ஒரு தரம் வயிற்றோட்டம். கீரிமலை அவளுக்கு அப்பாவின் வாயில் வருகிற ஒரு பெயர். இருந்தாலும் அந்தக் கேள்வி அடுத்தடுத்த நாட்களிலும் என்னோடு சேர்ந்து சமையலறைக்கும் பஸ்ஸுக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டு இர்மா அக்கா மாடி ஏறி வந்தார்.

2

நாங்கள் இருப்பது ஹம் நகரில், சாமான் ரயில்கள் பெட்டி மாற்றுகிற தண்டவாளங்களுக்குப் பக்கத்தில். இரவிரவாக இரும்பு இடிபடும். வந்த புதிதில் நித்திரை வராது. இப்போது சத்தம் நின்றால்தான் விழிப்பு வருகிறது. இர்மா அக்காவும் நானும் ஒரே முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர்கள். அவர் ஓய்வு எடுத்துவிட்டார். நான் இன்னும் அண்டா கழுவுகிறேன். எழுபதைத் தாண்டிய மனுஷி. எடுப்பான குரல், முழங்கால் வருத்தம், எப்போதும் இஸ்திரி போட்ட உடுப்பு.

அவர் பேசுவது ஜேர்மன்தான். ஆனால் அதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் காதில் விழுகிறது.

சமையலறையில் மற்றவர்கள் அவரை ரஷ்யக்காரி என்பார்கள், என்னை இந்தியன் என்பார்கள். இரண்டும் பிழை. திருத்துவதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் தெம்பில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் தன் கதையைச் சொன்னார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்சக் காலம். தெற்கு ஜேர்மனியில், நெக்கார் ஆற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில் ஹேபர்லே என்று ஒரு குடும்பம். அதுதான் இர்மா அக்காவின் தகப்பன் வழி. பெரிய சண்டைகள் நடந்து முடிந்து, வரி ஏறி, விளைச்சல் பொய்த்து, ஒரு வருடம் கோடையே வராமல் போன நேரம். ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்கள் வந்து சொன்னார்களாம். கருங்கடலுக்கு வடக்கே நிலம் கிடக்கிறது. வந்து உழுகிறவனுக்குச் சொந்தம். கொஞ்சக் காலத்துக்கு வரி கிடையாது, பட்டாளத்துக்கும் பிடிக்கமாட்டோம். சனம் வீடுவாசலை விற்றுவிட்டு உல்ம் நகரில் பலகைப் படகு ஏறி, டான்யூப் ஆற்றோடு கீழே போனது. வழிநெடுகக் காய்ச்சல். பிள்ளைகளைக் கரையில் தாழ்த்துவிட்டுத் திரும்பவும் படகில் ஏறினார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மரம் மருந்துக்கும் இல்லை. நிலத்தில் குழி வெட்டி, மேலே புல்லைப் போட்டு மூடி, அதற்குள் முதல் மாரியைக் கழித்தார்கள்.

"அந்த நிலம் ஆற்றை அக்கா?" என்று கேட்டேன்.

"ஒருத்தற்றையும் இல்லை. சும்மா கிடந்த நிலம்."

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. நான் பிறந்த நாட்டில் குடியேற்றம் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் யாரும் நிம்மதியாகச் சொல்லமாட்டார்கள். அரசாங்கம் லொறியில் சனத்தைக் கொண்டுவந்து இறக்கி, காணி அளந்து கொடுத்து, சும்மா கிடந்த நிலம்தானே என்று சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். திருகோணமலைப் பக்கம் என் மாமாவுக்கு இருந்த வயல் அப்படித்தான் போனது.

"சும்மா கிடக்கிற நிலம் எண்டு உலகத்திலை ஒண்டும் இல்லை. முந்தி ஆர் இருந்தது?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கவேண்டும்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "குதிரையோடை திரியிற சனம் இருந்ததாம். நோகாய் எண்டு பேர். எங்கடை ஆக்கள் போறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் அவையை எழுப்பி அனுப்பினதாம். உழேக்கை அவையின்ரை சட்டி பானையின்ரை ஓடு வருமாம். பொறுக்கி ஒரு பக்கம் போட்டிட்டு உழுவினமாம்."

கொஞ்சம் பொறுத்து, "பிறகு எங்களையும்தானே எழுப்பினவங்கள்," என்றார்.

அதுவும் உண்மை. கடைசிப் பெரிய யுத்தம் முடிந்த கையோடு அந்தச் சனம் முழுவதையும் ஜேர்மன்காரர் என்று சொல்லி ரயிலில் ஏற்றி, சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் அனுப்பினார்கள். இர்மா அக்கா பிறந்தது கசாக்ஸ்தானில். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'பாசிஸ்ட்' என்று கூப்பிட்டு மண்ணாங்கட்டியால் எறியுமாம். சோவியத் உடைந்த பிறகு, இருநூறு வருடத்துக்கு முந்திய பாட்டன்களின் பெயரைச் சொல்லி, அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்துக்கு மேல் அன்ட்ராக் போட்டு, தாயிடம் பழகிய ஜேர்மனை ஓர் அதிகாரிக்குப் பேசிக் காட்டி, இந்த நாட்டுக்கு வந்தார். வந்த அன்றே ரஷ்யக்காரியானார்.

பிறகு உங்களை எழுப்பியது, முதலில் அந்தக் குதிரைச் சனத்தை எழுப்பியதற்குப் பதிலாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சூப்புக்கு நேரமாகிவிட்டது. களைத்துப்போனவர்களின் வாக்குவாதம் இப்படித்தான் பாதியில் நிற்கும். இர்மா அக்காவின் ஆட்களை ஒரு சக்கரவர்த்தி கூப்பிட்டார். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. மொஸ்கோவில் விமானம் மாறி, கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்து, பொலிஸ் பிடிக்கட்டும் என்று நின்றோம்.

3

மாடி ஏறி வந்த இர்மா அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அடுத்த மாதம் இருதயத்தில் வால்வு மாற்றப் போகிறார்கள் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"பரம், உம்மட்டைக் கார் இருக்கு. ஒப்பரேஷனுக்கு முந்தி என்னை அந்த நெக்கார்க்கரை ஊருக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவீரோ? எனக்கு அங்கை ஒரு இடம் பாக்க வேணும்."

"வீடோ அக்கா?" வசந்தா சந்தோஷமாகக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. தாழ்க்கிறதுக்கு."

வசந்தா சுவரில் இருந்த அம்மன் படத்தை ஒருக்கால் பார்த்தாள். விளக்கு வைத்த வீட்டில் இப்படிக் கதைக்கிறதோ என்ற பார்வை. இர்மா அக்காவுக்கு அந்தப் பார்வை விளங்கியது. அதற்காக அவர் நிறுத்தவில்லை.

"என்ரை அப்பர் கசாக்ஸ்தானிலை கிடக்கிறார். அவற்றை அப்பர் சைபீரியாவிலை எங்கை எண்டே தெரியாது. அவருக்கு முந்தின ஆக்கள் கருங்கடல் பக்கத்திலை. ஆத்துக் கரையிலை தாழ்த்த குஞ்சுகுருமான் வேறை. எங்கடை குடும்பத்திலை ரெண்டு பேர் பக்கத்திலை பக்கத்திலை படுக்கேல்லை. நான் எண்டாலும் துவங்கின இடத்திலை போய்ப் படுக்க வேணும்."

அவருக்கு ஒரு மகன், பீலஃபெல்டில் இருக்கிறான். அவனிடம் கேட்கவில்லையா என்றேன். "அவனுக்கு எல்லா இடமும் ஒண்டுதான். கார் நிப்பாட்ட இடமிருந்தால் சரி எண்டுவான்," என்றார்.

நான் அதிகம் யோசிக்கவில்லை. மற்ற நேரமென்றால் இடுப்பு நோகிறது, தூரம் கூட என்று ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். ஆனால் மகளின் கேள்வி நெஞ்சில் கிடந்தது. இந்த மனுஷிக்கு அவர் கேட்ட இடம் கிடைத்துவிட்டால் எனக்கும் ஏதோ ஒரு வழி பிறந்த மாதிரி இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். வெள்ளிக்கிழமை லீவு எடுத்தேன்.

புறப்படும்போது வசந்தா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தந்தாள். "போற காரியம் எனக்குப் பிடிக்கேல்லை. ஆனா பசியோடை திரியாதேங்கோ," என்றாள். இர்மா அக்கா தன் பங்குக்கு ஒரு பெரிய துணிப்பை கொண்டுவந்து பின் சீட்டில் வைத்தார். கல்யாணவீட்டுக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டிருந்தார். வழியெல்லாம் வீதித் திருத்த வேலை. கார்கள் நகராமல் நின்ற இடத்திலெல்லாம் அவர் அந்த ஊரைப் பற்றிக் கதைத்தார். மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமாம், தேவாலயத்துக்குப் பக்கத்தில் கிணறாம், ஹேபர்லேக்களின் வீடு கிணற்றுக்கு எதிரேயாம். எல்லாம் தாய் சொன்னது. தாயும் பார்த்ததில்லை. தாய்க்குச் சொன்ன அப்பம்மாவும் பார்த்ததில்லை.

4

திராட்சைத் தோட்டம் இருந்தது. கிணறு இருந்த இடத்தில் மின்சாரக் கார் சார்ஜ் பண்ணுகிற தூண் நின்றது. எதிரே பல் வைத்தியரின் கிளினிக். ஊர் பாதி பழசு, பாதி நேற்றுக் கட்டினது. வெதுப்பகம் மூடிக் கிடந்தது.

ராட்ஹவுஸ் என்கிற நகரசபைக் கந்தோர் மத்தியானத்துக்கு முன்பே பூட்டிவிடும் என்பதால் முதலில் அங்கே போனோம். மேசைக்குப் பின்னால் காதில் தோடு போட்ட ஓர் இளம் பெடியன். மரியாதையான பிள்ளை, எழும்பி நின்று கதிரை காட்டினான். இர்மா அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, தாய் சொல்லிக் கொடுத்த அந்தப் பழைய ஊர்ப்பேச்சில் தொடங்கினார். காரில் வரும்போதே அதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மன்னிக்க வேணும், நான் வடக்குப் பக்கத்து ஆள், இங்கத்தைப் பேச்சு எனக்கு வராது. கொஞ்சம் எழுத்து ஜேர்மனிலை சொல்லுவீங்களோ?" என்றான்.

இர்மா அக்காவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. எழுத்து ஜேர்மனில் திரும்பச் சொன்னார். சவக்காலையில் தனக்கு ஓர் இடம் வேண்டும், காசு கட்டத் தயார்.

"நீங்கள் இங்கை பதிஞ்சிருக்கிறீங்களோ?"

"இல்லை."

"முந்தி எப்பவாவது இருந்திருக்கிறீங்களோ?"

"ஓம். இருநூறு வருஷத்துக்கு முந்தி."

அவன் சிரிக்கவில்லை. அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துக்கொண்டது. விதியை விளங்கப்படுத்தினான். இடம் குறைவு. ஊரில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். இல்லையென்றால் நெருங்கிய உறவினர் ஒருவராவது இங்கே இருக்கவேண்டும், அவர் வந்து கையெழுத்து வைத்தால் ஓர் அன்ட்ராக் போட்டுப் பார்க்கலாம். நிச்சயமென்று சொல்ல ஏலாது.

"அப்ப ஹேபர்லே எண்டு இப்ப ஆர் இருக்கினம் எண்டு சொல்லுங்கோ."

"அதைச் சொல்ல ஏலாதே அம்மா. தரவுப் பாதுகாப்பு."

வெளியே வந்து படியில் நின்றோம். இர்மா அக்கா கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார், பூட்டினார். எனக்கு அவரைப் பார்க்க அந்தரமாக இருந்தது. தூரம் வந்த அலுப்பும் சேர்ந்து, திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஆக்களைக் கண்டுபிடிச்சால் சரிதானே," என்றார் அவர்.

"ஓம் அக்கா. கேட்டால் சொல்லுவினம்," என்றேன் நான்.

5

யாழ்ப்பாணத்தில் ஒருவரைத் தேடிப் போனால் என்ன செய்வோம்? சந்திக் கடையில் கேட்போம். கடை பூட்டென்றால் முதல் வீட்டுப் படலையைத் தட்டுவோம். அவர்கள் இன்னொரு படலையைக் காட்டுவார்கள். மூன்றாவது படலையில் நீங்கள் யாருடைய பிள்ளை என்று எங்களையே விசாரித்து, தேத்தண்ணியும் தந்து, தேடிவந்த ஆளையும் கூப்பிட்டு விடுவார்கள். கசாக்ஸ்தானில் இர்மா அக்காவின் ஊரிலும் அப்படித்தானாம். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கிணறில்லாத கிணற்றடியில் இருந்து தொடங்கி, வீதியின் இந்தப் பக்கம் வரிசையாக மணியை அடித்துக்கொண்டு போனோம்.

முதல் வீட்டில் யாரும் இல்லை. அடுத்ததில் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. இன்னொன்றில் கதவுக்குள் இருந்தே ஒருவர் "ஒண்டும் வேண்டாம், ஒண்டும் வாங்கிறதில்லை" என்றார். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து இர்மா அக்கா கேட்டார்.

"பிள்ளை, நீர் ஆற்றை மோள்?"

அந்தப் பெண் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தடி ஊன்றிய ஒரு கிழவி மட்டும் கதவை இடுக்களவு திறந்தார். "நாங்கள் உங்கடை சொந்தக்காரராயிருக்கலாம்," என்றார் இர்மா அக்கா, ஆசையோடு. கிழவி எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பூட்டிக் கதவைச் சாத்தினார். அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. அடுத்த மணியையும் அடித்தேன்.

பொலிஸ் கார் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. ஓர் இளம் பெண்ணும், அவளுக்குத் துணையாக ஓர் ஆணும்.

இந்த நாட்டில் ஒரு பெரிய களவு நடக்கிறது. தனியே இருக்கிற கிழடுகளின் வீட்டு மணியை அடித்து, நான் உங்கள் சொந்தக்காரன் என்று சொல்லி, நகையையும் காசையும் அள்ளிக்கொண்டு போவது. ரேடியோவில் கிழமைக்கு ஒருக்கால் எச்சரிக்கை வரும். எங்கள் முதியோர் இல்லத்து வாசலிலேயே படத்தோடு ஒட்டியிருக்கிறது. நான் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். இப்போது ஒரு கறுவலும் ரஷ்யப் பேச்சு மணக்கிற ஒரு கிழவியும் வீடு வீடாகப் போய், உங்கள் சொந்தக்காரர் வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடையாள அட்டையைக் கொடுத்தோம். இத்தனை வருடங்கள் கழித்தும், பாஸ்போர்ட் எடுத்த பிறகும், சீருடையைக் கண்டால் கேட்க முன்னமே அட்டையை எடுத்து நீட்டிவிடுவேன். அவள் இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஜேர்மன்காரரோ?"

"ஓம்," என்றார் இர்மா அக்கா. "இவர் யாழ்ப்பாணத்து ஜேர்மன். நான் கசாக்ஸ்தான் ஜேர்மன். இந்த ஊர் ஜேர்மன் ஒராளைத் தேடி வந்தனாங்கள். ஒருத்தரும் கதவு திறக்கினமில்லை."

துணைக்கு நின்றவன் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான். அந்தப் பெண் முழுக் கதையையும் கேட்டாள். இப்போது பல் வைத்தியரின் கிளினிக் இருக்கிற வீட்டை விற்றுவிட்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போன குடும்பத்துக்குப் பிறகு ஹேபர்லே என்று இந்த ஊரில் யாரும் இல்லை, தானே இந்த ஊரில் வளர்ந்தவள் என்றாள். அட்டைகளைத் திருப்பித் தந்தாள்.

"மணி அடிக்கிறதை மட்டும் விட்டிடுங்கோ. கிழவி பயந்துபோய் இருக்கிறா. சவக்காலை மேலை, தேவாலயத்துக்குப் பின்னாலை. அங்கை போய்ப் பாருங்கோ, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

6

சவக்காலை மிக வடிவாக இருந்தது. புல் ஒரே அளவில் வெட்டியிருந்தது, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் வார்த்திருந்தது. இர்மா அக்கா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து வாசித்தார். முழங்கால் நோவோடு வரிசை வரிசையாகப் போனார். ஹேபர்லே ஒன்றும் இல்லை. எனக்கு வேறொன்று வித்தியாசமாகப் பட்டது. கல் எல்லாமே புதிது. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னால் செத்த ஒருவரைக்கூட அங்கே காணவில்லை.

பூவாளியோடு நின்ற ஒருவரிடம் கேட்டோம். என் வயதுக்காரர், அந்த ஊர்தான்.

"ஹேபர்லேயோ? இருந்தவை. அந்தா, அந்தப் புல்லுக்குக் கீழை இருக்கினம்." ஒன்றுமில்லாத ஒரு புல்வெளியைக் காட்டினார். "கல்லு எடுத்தாச்சு. தவணை முடிஞ்சால் எடுக்கிறதுதானே. என்ரை தாய் தகப்பன்ரையும் போன வருஷம் எடுத்தாச்சு."

"எடுக்கிறதோ?" இர்மா அக்கா அவருக்குக் கிட்டப் போனார். "நீங்கள் இங்கைதானே இருக்கிறீங்கள்? ஒரு இடமும் போகேல்லைத்தானே?"

"இங்கைதான் பிறந்தனான். அதுக்கென்ன, தவணை தவணைதான்," என்றார் அவர். வாளியைக் கொழுவிவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

இங்கே புதைகுழி வாடகைக்குத்தான் என்பது எனக்குத் தெரிந்ததுதான். இல்லத்தில் எத்தனை பேரை வழியனுப்பியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு உண்மையாக உறைத்தது. படகு ஏறிப் போனவர்களுக்கும் இங்கே இடமில்லை. போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களுக்கும் இல்லை. இர்மா அக்கா புல்வெளி ஓரத்தில் நின்றார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வரும்போல இருந்தது. இந்த மனுஷியை இவ்வளவு தூரம் கூட்டிவந்து, ஒரு கல்லைக்கூடக் காட்ட முடியவில்லையே என்று மனம் சலித்துப்போனது.

"பரம், காரிலை இருக்கிற பையை எடுத்துக்கொண்டு வாரும்."

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பைக்குள் இருந்து பூப்போட்ட மேசைவிரிப்பை எடுத்து உதறி, அந்தப் புல்வெளியின் நடுவில் விரித்தார். அவித்த முட்டை, கறுத்தப் பாண், ஊறவைத்த வெள்ளரிக்காய். அதற்குப் பக்கத்தில் வசந்தாவின் புட்டுப் பெட்டியையும் திறந்து வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

"இரும். சாப்பிடுவம்."

கசாக்ஸ்தானில் அவர்களின் ஊரில் வருடத்தில் ஒருநாள் எல்லோரும் சவக்காலைக்குப் போவார்களாம். ரஷ்யர்களிடம் பழகியது. சாப்பாட்டைக் கொண்டுபோய்க் குழிகளுக்குப் பக்கத்தில் இருந்து, கீழே இருப்பவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு வருவார்களாம்.

எனக்குக் கால் பின்னால் போனது. நாங்கள் சுடலைக்குப் போய்வந்தால் தலைக்கு முழுகாமல் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கமாட்டோம். என் அம்மா செத்தபோது எனக்கு இங்கே விசா இல்லை, போகவும் முடியாது. செய்தி வந்தது டெலிபோனில். அப்போதும் அகதி முகாமின் குளியலறையில் தலைக்கு முழுகிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தேன். அப்படிப்பட்டவனைப் பிணங்களுக்கு மேல் இருந்து புட்டுச் சாப்பிடு என்றால்?

"எனக்கு ஏலாது அக்கா. நாங்கள் இப்பிடிச் செய்யிறேல்லை."

"தெரியும். இருந்தாலும் இரும். எனக்குத் தனியச் சாப்பிட ஏலாது."

அதை அவர் கெஞ்சிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். நான் விரிப்பின் ஓரத்தில் இருந்தேன். அவர் முட்டையை உடைத்து என் பக்கம் நீட்டினார். வாங்கினேன். சாப்பிட்டேன். பிறகு புட்டையும் சாப்பிட்டேன். இர்மா அக்கா ஒரு முட்டையை உரித்துப் புல்லில் வைத்தார். தன் பழைய ஊர்ப்பேச்சில் நிலத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். கந்தோர்ப் பெடியனுக்கு விளங்காத அந்தப் பேச்சு எனக்கும் விளங்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்தக் குதிரைச் சனத்துக்கும் சவக்காலை இருந்திருக்கும், என்ன? அதுக்கு மேலைதான் எங்கடை ஆக்கள் கோதுமை விதைச்சிருப்பினம்."

நான் எத்தனையோ வருடத்துக்கு முன் சமையலறையில் கேட்டதற்கு அது பதிலா என்று தெரியவில்லை. ஓம் என்று மட்டும் சொன்னேன்.

கையைத் துடைத்துவிட்டு, விரிப்பில் விழுந்த கடைசிப் புட்டுத் துகளையும் புல்லில் தட்டினார். "சரி. வீட்டை போவம். எனக்கு இங்கை இடம் வேண்டாம்."

"அந்த ஸ்டுட்கார்ட் ஆக்களைத் தேடிப் பாக்கலாம் அக்கா. அன்ட்ராக் போட்டால் சிலவேளை..."

"கிடைச்சாலும் வேண்டாம் பரம். இங்கை ஆர் எனக்குப் பக்கத்திலை வந்து இருந்து சாப்பிடப் போறது? ஹம்மிலை எண்டால் நீர் இருக்கிறீர். வசந்தாவும் வருவா. போய் முழுகினாலும் பறவாயில்லை, வருவா."

7

வசந்தாவிடம் நான் சொல்லாமல் மறைத்ததை இர்மா அக்கா மறுநாளே படியில் வைத்துச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் வசந்தா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. முழுகாமல் வீட்டுக்குள் வந்ததுதான் பெரிய குற்றம், சாப்பிட்டது அடுத்தது. பிறகு, "புட்டு ஈரமாயிருந்ததோ, காஞ்சு போச்சோ?" என்று கேட்டாள். கோபம் இறங்கிவிட்டது என்று தெரிந்தது.

இர்மா அக்கா ஹம் சவக்காலையில் தண்டவாளச் சத்தம் கேட்கிற பக்கமாக ஓர் இடம் எடுத்தார். தவணைக்குத்தான். தவணை முடியும்போது பக்கத்தில் இருந்து சாப்பிட நீரும் இருக்கமாட்டீர், பிறகு கல்லை எடுத்தாலென்ன என்றார். வால்வு மாற்றியாயிற்று. இப்போது ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு உடம்பு தேற்றுகிற ஒரு நிலையத்தில் இருந்துகொண்டு, சூப்பில் உப்பில்லை என்று தினமும் எனக்கு டெலிபோனில் முறைப்பாடு சொல்கிறார்.

போன ஞாயிறு அபிராமி எடுத்தாள். நான் டெலிபோனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பிள்ளை, அந்தப் பேப்பர் எழுதிறன். கீரிமலை வேண்டாம். இங்கையே ஹம்மிலை வையுங்கோ."

"அப்பா, நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டதுக்கு..."

"அதுக்கில்லை. நீ கேட்டது சரிதான். ஆனா ஒண்டு. வருஷத்திலை ஒருக்கா நீ வந்து எனக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட வேணும்."

"ஃப்ரீட்ஹோஃபிலையோ?" சவக்காலைக்குத் தமிழ்ச் சொல் அவளுக்கு வரவில்லை. சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள். இர்மா அக்காவோடு போன கதையைச் சொன்னேன். கந்தோர், பொலிஸ், புல்வெளி, எல்லாம். வழக்கமாக அவள் பின்னால் ஏதாவது விசைப்பலகைச் சத்தம் கேட்கும். அன்றைக்கு அது கேட்கவில்லை.

கடைசியில், "அப்பா, எனக்குப் புட்டு அவிக்கத் தெரியாதே," என்றாள்.

உள்ளே போய் வசந்தாவிடம் டெலிபோனை நீட்டி, மகள் புட்டு அவிக்கிற விதம் கேட்கிறாள் என்றேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னை நம்பாமல் பார்த்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. முகம் முழுக்கச் சந்தோஷம்.

"முதல் மாவை வறுக்க வேணும் பிள்ளை. கருக விடப்படாது. பிறகு தண்ணியைக் கொதிக்க வைச்சு..."

"நில்லுங்கோ அம்மா," என்று அந்தப் பக்கம் கேட்டது. "ஆறுதலாச் சொல்லுங்கோ. எழுதிறன்."